கோதுமை விலையும் சீமாட்டிப் பட்டமும்

அமெரிக்கக் கோடீஸ்வரர் வீட்டுப் பெண்கள் இங்கிலாந்துப் பிரபுக்களுக்கு வாழ்க்கைப்படும் சரித்திர நாவல்களும் தொடர்களும் வரிசையாக வருகின்றனவே, இவற்றில் எவ்வளவு நிஜம் என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படி ஒரு கதை எழுத நினைப்பவர் எதைத் தெரிந்துகொண்டு உட்கார வேண்டும் என்பது உங்கள் இரண்டாவது கேள்வி.

மாளிகை நிஜம். வைரம் நிஜம். முகத்திரைக்குள் அழுத மணப்பெண்ணும் நிஜம். கதாசிரியர்கள் கோட்டை விடுவது பணத்தில். "பணத்துக்காகக் கட்டிக்கொண்டான்" என்று ஒரு வரியில் முடித்துவிட்டு நடன அரங்குக்குப் போய்விடுகிறார்கள். எவ்வளவு பணம், யார் பெயரில், அசலா வட்டியா, பிரிந்துபோனால் யாருக்கு என்பதெல்லாம் கல்யாணத்துக்கு முன்பே ஒரு பத்திரத்தில் எழுதப்பட்டுவிடும். அந்தப் பெண்ணின் அடுத்த முப்பது வருஷத்தைத் தீர்மானித்தது அந்தப் பத்திரம்தான். சம்பந்தம் பேசும் இடத்தில் ஒருமுறையாவது ஓரமாக உட்கார்ந்திருந்தவர்களுக்கு இது புதிய விஷயமல்ல.

முதலில் மாப்பிள்ளை வீட்டுக் கஷ்டத்தைப் பார்ப்போம். ஆங்கிலேயப் பிரபுவின் வருமானம் குத்தகைப் பணம். குத்தகைக்காரர் கோதுமையை விற்றால்தான் பிரபுவுக்குக் காசு. 1877-ல் இங்கிலாந்தில் ஒரு குவார்ட்டர் கோதுமை, அதாவது ஏறக்குறைய 218 கிலோ, 56 ஷில்லிங்குக்கு மேல் விற்றது. 1894-ல் அதே அளவு கோதுமை 23 ஷில்லிங்கைக்கூடத் தொடவில்லை. அமெரிக்கப் புல்வெளிகள் உழவுக்கு வந்திருந்தன. அங்கிருந்து துறைமுகம்வரை ரயில் ஓடியது. நீராவிக் கப்பலில் சரக்குக் கூலி மலிந்திருந்தது. ஜெர்மனியும் பிரான்சும் இறக்குமதி வரி போட்டுத் தங்கள் விவசாயிகளைக் காப்பாற்றிக்கொண்டன. பிரிட்டன் போடவில்லை.

நிலத்தை விற்றுக் கடனை அடைக்கலாமே என்றால் அதுவும் லேசில்லை. பெரிய குடும்பங்களின் சொத்து தலைமுறை தலைமுறையாகக் கட்டிப்போடப்பட்டிருந்தது. பிரபு பார்வைக்குத்தான் உரிமையாளர். சட்டப்படி அவருக்கு இருந்தது ஆயுள்கால அனுபவ பாத்தியதை மட்டும். அப்பா விட்டுப்போன அடமானத்துக்கு வட்டி, விதவைப் பாட்டிக்கு ஆண்டுத் தொகை, தம்பி தங்கைகளின் பங்கு என்று வருமானம் கைக்கு வருமுன்பே பாதி கரைந்துவிடும். 1882-ல் வந்த சட்டம் நிலத்தை விற்க வழிவிட்டது. ஆனால் விற்ற பணம் குடும்பச் சொத்தைப் பாதுகாக்கும் டிரஸ்டிகளிடம்தான் போகும், நில விலையும் விழுந்து கிடந்தது. போதாததற்கு 1894-ல் வாரிசுச் சொத்துக்குப் புது வரி.

ஆக்ஸ்போர்டுக்குப் பக்கத்தில் இருக்கும் பிளென்ஹைம் அரண்மனையை எடுத்துக்கொள்ளுங்கள். பிரபுக்களில் மிக உயர்ந்த பட்டமான டியூக் பட்டம் பெற்ற மார்ல்பரோ குடும்பத்தின் வீடு. 1875-ல் செதுக்கிய ரத்தினக் கற்களின் தொகுப்பு மொத்தமாக விலைபோனது. 1880-களின் தொடக்கத்தில் நூலகத்தையே ஏலம் விட்டார்கள். 1885-ல் ரஃபேல் வரைந்த மாதா ஓவியம் 70,000 பவுண்டுக்கு லண்டன் தேசியக் கலைக்கூடத்துக்குப் போனது. விற்க இனிச் சுவர்தான் பாக்கி என்ற கட்டத்தில், 1888-ல், எட்டாவது டியூக் நியூயார்க்கின் பணக்கார விதவை லில்லி ஹாமர்ஸ்லியை மறுமணம் செய்துகொண்டார். அந்த அம்மாளின் பணத்தில்தான் ஒழுகிய கூரை செப்பனிடப்பட்டது, மின்விளக்கு எரிந்தது. கதைகளில் இந்த லில்லி வருவதே இல்லை. இளமையும் இல்லை, காதலும் இல்லை, பாவம், யாருக்கு வேண்டும்! எனக்கோ ஒரு நல்ல நாவலுக்கு அவரே போதும் என்று தோன்றும்.

அவருக்கு அடுத்து அதே வீட்டுக்குள் வந்தவர்தான் இந்த வகைக் கதைகளுக்கெல்லாம் மூலவிக்கிரகம்: அமெரிக்க ரயில்வே கோடீஸ்வரர் வீட்டுப் பெண் கான்சுவேலோ வாண்டர்பில்ட். 1895 நவம்பர் 6-ம் தேதி, நியூயார்க் செயின்ட் தாமஸ் தேவாலயத்தில் ஒன்பதாவது டியூக்குடன் திருமணம். மணமகளுக்கு வயது 18. பத்திரத்தில் இருந்தது இதுதான்: பீச் க்ரீக் ரயில்வே கம்பெனியின் 50,000 பங்குகள், மதிப்பு 25 லட்சம் டாலர், ஆண்டுக்கு 4 சதவீதத்துக்கு வாண்டர்பில்ட்டுகளின் நியூயார்க் சென்ட்ரல் ரயில்வே உத்தரவாதம். ஆக, வருஷத்துக்கு 1 லட்சம் டாலர். அது பெண்ணுக்கு அல்ல, டியூக்குக்கு, அவருடைய ஆயுள்வரை.

ரயில்வே பங்கு என்பதைக் கவனியுங்கள். அமெரிக்க உள்நாட்டுத் தானியத்தைத் துறைமுகத்துக்கு இழுத்துவந்து பிளென்ஹைம் போன்ற வீடுகளின் குத்தகையைக் கவிழ்த்தவை இத்தகைய ரயில் பாதைகள்தான். அதே ரயில்வேக்களின் லாபம் பத்து வருஷம் கழித்துப் பெண்ணோடு சேர்ந்து வாசலில் வந்து இறங்கியது. இந்தக் கதைகளின் முரண்நகை காதலில் இல்லை, இங்கேதான் இருக்கிறது. இதைக் கையாண்ட நாவலை நான் இன்னும் பார்க்கவில்லை.

இனிப் பெண் வீடு. புதுப்பணக்காரர்களுக்கு ஏன் பட்டத்தின் மேல் இத்தனை ஆசை? நியூயார்க்கின் பழைய குடும்பங்கள் அவர்களை வீட்டுக்குள் விடவில்லை. அந்த வாசலுக்குக் காவல் திருமதி கரோலின் ஆஸ்டர். அவர் பட்டியலில் பெயர் இல்லாதவர்கள் எத்தனை கோடி வைத்திருந்தாலும் வெளியேதான். லண்டனிலோ பட்டத்து இளவரசராக இருந்த எட்வர்டுக்குக் கலகலப்பான அமெரிக்கப் பெண்களைப் பிடித்திருந்தது. இளவரசர் விருந்துக்கு வந்துவிட்டால் மற்ற கதவுகள் தாமாகத் திறக்கும். நியூயார்க்கில் மதிப்புப் பெற லண்டன் குறுக்குவழியானது.

இதில் கதைகள் குழப்பிக்கொள்ளும் ஓர் இடம் உண்டு. 1870-களில் போனவர்களும் 1890-களில் போனவர்களும் ஒரே ரகமல்ல. முதல் கூட்டம் கதவு சாத்தப்பட்ட பெண்கள். புரூக்ளினில் பிறந்த ஜென்னி ஜெரோம் 1874-ல் மார்ல்பரோ டியூக்கின் இளைய மகன் லார்ட் ராண்டால்ஃப் சர்ச்சிலை மணந்தார். கியூப வம்சாவளி வந்த கான்சுவேலோ இஸ்நாகா 1876-ல், பின்னாளில் மான்செஸ்டர் டியூக் ஆகவிருந்தவரை மணந்தார். துணிச்சலும் வாய்ச்சாலகமும் கொண்ட பெண்கள். பெரும்பாலும் தாங்களே மாப்பிள்ளையைத் தேர்ந்தார்கள். இரண்டாவது கூட்டம் அப்படியல்ல. 1883 மார்ச்சில் கான்சுவேலோ வாண்டர்பில்ட்டின் அம்மா ஆல்வா கொடுத்த மாறுவேட விருந்தோடு திருமதி ஆஸ்டரின் கோட்டை சரிந்துவிட்டது. அதன்பிறகு நியூயார்க்கில் ஜெயிக்க எதுவும் பாக்கி இல்லை. டியூக் மாப்பிள்ளை என்பது அம்மாக்களின் கிரீடத்துக்குக் கடைசிக் கல். இந்த இருபது வருஷ வித்தியாசம் தெரியாமல் எழுதினால் கதாநாயகிக்கு 1870-களின் நாக்கும் 1890-களின் கண்ணீரும் வந்துவிடும்.

ஜென்னியின் கல்யாணப் பேச்சு தனி நாடகம். அப்பா லியோனார்டு ஜெரோம் ஆண்டுக்கு 2,000 பவுண்டு தரச் சம்மதித்தார். ஆனால் அது மகள் கைக்குப் போக வேண்டும் என்றார். மார்ல்பரோ வீட்டு வக்கீல்களுக்குத் தூக்கிவாரிப்போட்டது. மனைவிக்குத் தனிப் பணமா? நியூயார்க்கில் 1848 முதலே மணமான பெண் தன் சொத்தைத் தானே வைத்துக்கொள்ளச் சட்டம் இருந்தது. இங்கிலாந்தில் அதற்கு ஈடான முழு உரிமை வர 1882 ஆனது. இரண்டு சட்டங்கள் ஒரு மேசையில் மோதிக்கொண்டன. கடைசியில் ஆளுக்குப் பாதி என்று முடிந்தது. பாரிஸில் பிரிட்டிஷ் தூதரகத்தில் நடந்த கல்யாணத்துக்கு மாப்பிள்ளையின் பெற்றோர் வரவில்லை. அதே ஆண்டு நவம்பர் 30-ம் தேதி பிளென்ஹைமில் வின்ஸ்டன் பிறந்தார், பின்னாளில் பிரிட்டிஷ் பிரதமரான அதே வின்ஸ்டன் சர்ச்சில். மாதக் கணக்கை விரல்விட்டு எண்ணாத சரித்திரக்காரர் கிடையாது.

கான்சுவேலோ வாண்டர்பில்ட்டுக்கு இப்படித் தன் பக்கம் நின்று பேரம் பேசும் அப்பாவும் வாய்க்கவில்லை, வாயும் இல்லை. அவர் மனம் வின்த்ராப் ரதர்ஃபர்ட் என்ற அமெரிக்க இளைஞரிடம் இருந்தது. அம்மா ஆல்வா அவரைச் சுட்டுவிடுவேன் என்றார். மகளின் பிடிவாதத்தால் அம்மாவுக்கு மாரடைப்பே வந்துவிட்டது என்று சொல்லவைத்தார். கல்யாணக் காலையில் தன் அறை வாசலில் காவல் நின்றதையும், கண் வீங்கியதால் தேவாலயத்துக்குத் தாமதமாகப் போனதையும் கான்சுவேலோ பின்னாளில் தம் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். 1926-ல் கத்தோலிக்கத் திருச்சபை அந்தத் திருமணத்தைச் செல்லாது என்று அறிவித்தபோது, மகளை நான்தான் கட்டாயப்படுத்தினேன் என்று சாட்சி சொன்னவரும் அதே ஆல்வாதான்.

இந்த ஆல்வாவை வில்லி ஆக்கிவிட்டுப் போவது சுலபம். ஆனால் மகளைத் தாரைவார்த்த அதே 1895-ல்தான் அவர், விவாகரத்து என்றால் ஊரே ஒதுக்கிவைக்கும் காலத்தில், தன் கணவரை விவாகரத்து செய்தார். பிறகு பெண்கள் வாக்குரிமைப் போராட்டத்துக்குப் பணத்தை வாரி இறைத்தார், தேசியப் பெண்கள் கட்சிக்குத் தலைமை தாங்கினார். அவமதிப்பு என்றால் என்னவென்று தெரிந்த ஒருத்தி, மகளுக்கு யாரும் அசைக்க முடியாத ஓர் இடம் வேண்டும் என்று வெறிபிடித்து நின்றாள் என்று பார்த்தால், அங்கே ஒரு மனுஷி தெரிகிறாள். கதை எழுதுபவர் இந்த அம்மாவிடம் கொஞ்சம் அதிக நேரம் செலவழிக்கலாம்.

கான்சுவேலோவின் புகுந்த வீடு எப்படி இருந்தது? ஊருக்குள் நுழைந்த அன்று வரவேற்புரை ஆற்றிய உட்ஸ்டாக் மேயர், அமெரிக்காவைக் கண்டுபிடிப்பதற்கு முன்பிருந்தே எங்கள் ஊருக்கு மேயர் உண்டு என்று புது மருமகளிடம் சொன்னாராம். டியூக்கின் பாட்டி, முதல் சந்திப்பிலேயே பேத்தி முறையானவளுக்கு வேலையை விளக்கிவிட்டார்: பிள்ளை பெற வேண்டும், அதுவும் ஆண் பிள்ளை, இல்லாவிட்டால் அந்தப் பொடியன் வின்ஸ்டன் டியூக் ஆகிவிடுவான், அதைச் சகிக்க முடியாது. அந்தப் பயம் நியாயம்தான். டியூக்குக்கு வாரிசு இல்லாததால் அப்போது பட்டத்துக்கு அடுத்த வரிசையில் நின்றவர் ஜென்னியின் மகன் வின்ஸ்டன். 1897-ல் கான்சுவேலோவுக்கு மகன் பிறந்ததும் அந்தக் கவலை தீர்ந்தது.

இரவுச் சாப்பாட்டைப் பற்றி அவர் எழுதியது என்னால் மறக்க முடியாத பகுதி. நீண்ட மேசையில் புருஷனும் பெண்சாதியும் மட்டும். பேச்சு கிடையாது. ஒரு வகைக்கும் அடுத்த வகைக்கும் நடுவே பொழுது போகாமல் அவர் பின்னல் வேலையை எடுத்துக்கொண்டார். தலைமைப் பணியாளர் வெளியே கூடத்தில் உட்கார்ந்து துப்பறியும் கதை படித்தார். இன்னொன்று: மிச்சச் சாப்பாட்டை ஏழைகளுக்குக் கொடுக்கும் வழக்கம் அந்த வீட்டில் இருந்தது. இறைச்சி, காய், இனிப்பு எல்லாவற்றையும் ஒரே தகர டப்பாவில் கொட்டிக் கலந்து கொடுப்பார்கள். தனித்தனியாகப் போடுங்கள் என்று சொல்ல அமெரிக்காவிலிருந்து ஒரு பெண் வரவேண்டியிருந்தது. கொடுப்பவர்களுக்கும் வாங்குபவர்களுக்கும் ஒருசேர ஆச்சரியம். பத்து நடனக் காட்சிகள் சொல்லாததை இந்த டப்பா சொல்லிவிடும்.

இந்தியாவைத் தொட்ட கதை மேரி லைட்டருடையது. சிகாகோவில் மார்ஷல் ஃபீல்டின் கூட்டாளியாகத் துணி வியாபாரத்தில் சம்பாதித்த லெவி லைட்டரின் மகள். 1895 ஏப்ரலில் ஜார்ஜ் கர்சனை மணந்தார். 1899-ல் வைஸ்ராயின் மனைவியாகக் கல்கத்தா வந்து இறங்கினார். 1903 டெல்லி தர்பாரின்போது அவர் உடுத்திய மயில் உடை இன்றும் இங்கிலாந்தில் கர்சன் குடும்பத்தின் கெடில்ஸ்டன் மாளிகையில் இருக்கிறது. டெல்லிக் கைவினைஞர்கள் உலோகச் சரிகையால் மயில் தோகையாகப் பின்னிய துணி, பாரிஸில் வொர்த் நிறுவனத்தில் தைக்கப்பட்டது. தோகைக் கண் ஒவ்வொன்றிலும் பச்சையாக மின்னியது மரகதம் அல்ல, வண்டின் சிறகு ஓடு. கோதுமை இங்கேயும் விடவில்லை. மேரியின் அண்ணன் ஜோசப் 1897-98-ல் சிகாகோ சந்தையில் கோதுமை முழுவதையும் வளைத்துப்போடப் பார்த்துக் கையைச் சுட்டுக்கொண்டார். பெருங்கடனை அடைத்தவர் அப்பா. மேரி 1906-ல் 36 வயதில் இறந்தார். லைட்டர் பணம் டிரஸ்ட் வழியாக மூன்று மகள்களுக்கானது. அவர்கள் வளர்ந்து தங்கள் பங்கைக் கேட்டபோது கர்சனுக்கும் மகள்களுக்கும் முட்டிக்கொண்டது. மனைவி போன பிறகும் பத்திரம் உயிரோடு இருந்தது. கர்சன் 1917-ல் மறுமணம் செய்துகொண்டதும் ஒரு பணக்கார விதவையை, அவரும் அமெரிக்காவில் பிறந்தவர்.

எல்லாமே சோகம் என்றும் நினைக்க வேண்டாம். மே கோலெட் 1903-ல் ராக்ஸ்பரோ டியூக்கை மணந்து ஸ்காட்லாந்தின் ஃப்ளோர்ஸ் கோட்டைக்குப் போனார். பத்து வருஷம் காத்திருந்து வாரிசு பெற்று, திரைச்சீலை ஓவியங்களால் கோட்டையை அலங்கரித்து நிம்மதியாகவே வாழ்ந்தார். நிம்மதியாக வாழ்ந்தவர்களைப் பற்றி யாரும் நாவல் எழுதுவதில்லை, அவ்வளவுதான்.

எழுதுபவர்கள் வழுக்கும் சில இடங்கள். டியூக்கின் இளைய மகனை மணந்த ஜென்னி ஊருக்கு "லேடி ராண்டால்ஃப்", கணவன் பெயரால்தான். "லேடி ஜென்னி" என்று எழுதினால் தெரிந்தவர்கள் புத்தகத்தை மூடிவிடுவார்கள். சொந்தப் பெயருக்கு முன்னால் லேடி போட, பெரிய பிரபுவுக்கு மகளாகப் பிறந்திருக்க வேண்டும். விவாகரத்தும் நாவல்களில் வருவதுபோல் மூன்று அத்தியாயத்தில் முடியாது. 1857 சட்டப்படி கணவனுக்கு மனைவியின் கள்ள உறவு ஒன்றே போதும். மனைவியோ அதோடு கொடுமையையோ கைவிட்டதையோ சேர்த்து நிரூபிக்க வேண்டும். இது 1923-ல்தான் சமமானது. கான்சுவேலோ 1906-ல் கணவரைப் பிரிந்தும் விவாகரத்து கிடைத்தது 1921-ல். பிறந்த ஊருக்குத் திரும்பிவிடலாம் என்றாலோ, 1907-ல் அமெரிக்கா இன்னொரு சட்டம் கொண்டுவந்தது: அந்நியனை மணக்கும் பெண் அமெரிக்கக் குடியுரிமையை இழப்பாள். 1922-ல்தான் அது தளர்ந்தது. கப்பல் ஏறும் காட்சியை எழுதுமுன் வருஷத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

படிக்க இரண்டு நாவல்களைச் சொல்வேன், இரண்டும் அந்தக் காலத்தைக் கண்ணால் பார்த்தவர்கள் எழுதியவை. ஈடித் வார்ட்டனின் 'தி பக்கனீர்ஸ்' 1870-களின் முதல் கூட்டத்தைப் பற்றியது. 1937-ல் அவர் இறந்தபோது முடியாமல் கிடந்து, 1938-ல் அப்படியே வெளிவந்தது. 1993-ல் இன்னொருவர் முடித்த பதிப்பும் உண்டு. நான் முடியாததையே விரும்புவேன். ஃபிரான்சிஸ் ஹாட்ஜ்சன் பர்னெட்டின் 'தி ஷட்டில்', 1907. இலக்கியத் தரத்தில் வார்ட்டனுக்குப் பக்கத்தில் வராது, மெலோடிராமா அதிகம். ஆனால் கணவன் மனைவியைக் கொடுமைப்படுத்தி அவள் பணத்தைக் கறக்கும் விதத்தை அந்த அம்மாள் கூச்சமில்லாமல் எழுதுகிறார். பத்திரம் யார் பெயரில் என்ற கேள்வி அங்கே அடி, உதையாகவே வருகிறது.

கான்சுவேலோ விவாகரத்தானதும் பிரெஞ்சுக்காரர் ஜாக் பால்சானை மணந்து நிம்மதியானார், 1964 டிசம்பரில் நியூயார்க் மாநிலத்தில் இறந்தார். அவரைப் புதைத்தது அங்கே அல்ல. பிளென்ஹைமை ஒட்டிய பிளாடன் கிராமத்துத் தேவாலயத்தில், தம் இளைய மகன் ஐவரின் கல்லறைக்குப் பக்கத்தில். அடுத்த மாதமே, 1965 ஜனவரி 30-ம் தேதி, அதே சின்ன மயானத்துக்கு இன்னொரு சவப்பெட்டி வந்தது. டியூக் ஆகிவிடக் கூடாது என்று பாட்டி பயந்த பொடியன் வின்ஸ்டன்.